விடுதி மாணவருக்கு ஓட்டு எந்த ஊரில்? 60 பேர் ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி எப்படி வாங்குவது?

மானாமதுரைக்காரன் (கேள்வி)

வணக்கம். கோவையில் கலைக் கல்லூரி, இரண்டாம் ஆண்டு, விடுதியில் தங்கியிருக்கிறேன். வயது 19. சொந்த ஊர் மானாமதுரைப் பக்கம் ஒரு கிராம ஊராட்சி. இன்னும் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை. விடுதி முகவரியில் சேர்ப்பதா, ஊரில் சேர்ப்பதா? அறைத் தோழனுக்கு 18 முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அவன் இப்போதே விண்ணப்பிக்க முடியுமா?

இன்னொன்று. எங்கள் கல்லூரி நிறுத்தத்தில் காலையில் டவுன் பஸ்கள் நிற்காமல் போகின்றன. வாய்மொழியாகப் பல தடவை சொல்லியாயிற்று. சுமார் 60 பேர் சேர்ந்து ஆர்ப்பாட்டம் நடத்த நினைக்கிறோம். யாரிடம், எத்தனை நாள் முன்னால் அனுமதி கேட்பது? எங்களில் இரண்டு பேர் போலீஸ் வேலைக்குப் படிக்கிறார்கள், ஒருவன் வெளிநாட்டுப் படிப்புக்கு முயற்சி செய்கிறான். வழக்கு விழுந்தால் என்ன ஆகும்?

பாகம்எண்

ஓட்டு பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

விடுதி, சொந்த ஊர் இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்க மாணவருக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரே இடத்தில்தான் பெயர் இருக்கலாம். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17, 18 பிரிவுகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ல் வேறெங்கும் பெயர் இல்லை என்று உறுதிமொழி கொடுத்துத்தான் கையெழுத்துப் போடுகிறீர்கள். தெரிந்தே பொய் சொன்னால் 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. அதனால் முதல் வேலை, வீட்டுக்குப் போன் போட்டு, அப்பாவோ சித்தப்பாவோ ஏற்கெனவே உங்கள் பெயரை ஊரில் கொடுத்துவிட்டார்களா என்று கேளுங்கள். கிராமத்தில் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வீட்டுக்கு வந்தபோது பெரியவர்களே எழுதிக் கொடுத்துவிடுவது சாதாரணம். ஏற்கெனவே பெயர் இருந்தால் படிவம் 6 போடக் கூடாது, முகவரி மாற்றத்துக்கான படிவம் 8 போட வேண்டும்.

விடுதி முகவரி என்றால் படிவம் 6-உடன் கல்லூரியின் போனஃபைடு சான்றிதழ் வேண்டும். முதல்வர், பதிவாளர், டீன் போன்றவர்கள் தர வேண்டும். வார்டன் கையெழுத்து மட்டும் போதாது. படிப்பு அங்கீகரிக்கப்பட்டதாகவும் ஓராண்டுக்குக் குறையாததாகவும் இருக்க வேண்டும், உங்களுக்கு அதில் சிக்கல் இல்லை. பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழே போதும். புகைப்படம் வெள்ளைப் பின்னணியில், 4.5 க்கு 3.5 சென்டிமீட்டர் அளவில்.

ஆன்லைனில் போட்டால் ஆதாருடன் இணைத்த கைபேசி பக்கத்தில் இருக்கட்டும். பெயரை ஆங்கிலத்தில் தட்டியதும் தளம் தானாகத் தமிழில் எழுதிக் காட்டும். ல, ள, ழ மாறுவதும், இனிஷியல் பெயரோடு ஒட்டிக்கொள்வதும் அங்கேதான் நடக்கிறது. அதைப் பார்க்காமல் சமர்ப்பித்துவிட்டு, அட்டை கைக்கு வந்த பிறகு படிவம் 8 எழுதுகிறவர்கள் ஏராளம். கடைசியில் வரும் குறிப்பு எண்ணை எழுதி வையுங்கள்.

அடுத்து பி.எல்.ஓ. நேரில் விசாரிக்க வருவார். விடுதி விண்ணப்பங்கள் அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான். அவர் வரும் பகல் நேரத்தில் நீங்கள் வகுப்பில் இருப்பீர்கள். வாசலில் இருக்கும் காவலாளிக்கு உங்கள் பெயர் தெரியாது. ‘அப்படி யாரும் இல்லை’ என்ற ஒரு வரியில் விண்ணப்பம் முடிந்துவிடும். முகவரியில் பிளாக், அறை எண் இரண்டையும் எழுதுங்கள். விண்ணப்பித்தவர்கள் பெயர், அறை எண், கைபேசி எண் கொண்ட ஒரு தாளை வார்டனிடமும் வாசலிலும் கொடுத்து வையுங்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பகுதி வரும் பாகத்தின் பி.எல்.ஓ. கைபேசி எண்ணை, 1950 என்ற தேர்தல் உதவி எண்ணுக்குப் போன் செய்தே கேட்கலாம். ஆனால் 40 பேர் விண்ணப்பத்தை ஒருவர் மொத்தமாகக் கட்டிக்கொண்டு போனால் வாங்க மாட்டார்கள், அவரவர்தான் போட வேண்டும்.

விண்ணப்பித்தவர் பெயரை வெளியிட்டு, ஆட்சேபம் சொல்ல 7 நாள் தருவார்கள். நிராகரித்தால் எழுத்தில் உத்தரவு வாங்கி, 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு. அங்கேயும் ஆகவில்லை என்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரி.

அறைத் தோழர் இப்போதே போடலாம். 17 முடிந்தவர்கள் முன்கூட்டி விண்ணப்பிக்க வழி உண்டு. 18 முடிந்திருக்க வேண்டிய நாளைத் தகுதி நாள் என்பார்கள். முன்பு ஜனவரி 1 ஒன்றுதான் தகுதி நாள். 2022 ஆகஸ்டிலிருந்து ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு. ஆகஸ்டில் 18 முடிந்தால் அக்டோபர் 1 கணக்கில் பெயர் ஏறும்.

கெடு: வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு பட்டியல் மூடப்படும். 7 நாள் ஆட்சேபக் காலமும் விசாரணையும் இருப்பதால், அந்தத் தேதிக்குப் பத்து நாள் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு ஓடுகிறவர்களில் பாதிப் பேர் இதில்தான் தவறுகிறார்கள்.

என் கருத்து: இன்னும் ஓராண்டுக்கு மேல் கோவையில் இருப்பீர்கள், ஓட்டுப் போட ஊருக்குப் போவது நிச்சயமில்லை என்றால் விடுதி. மாணவர் என்பதற்காகத் தபால் ஓட்டு கிடையாது.

ஊராட்சித்திண்ணை

பாகம்எண் சொன்ன கடைசிப் பத்தியில் மாறுபடுகிறேன். கிராமத்துப் பிள்ளைகள் விடுதிக்குப் பெயரை மாற்றும்போது ஒன்றை இழக்கிறார்கள், அதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. கிராம சபை உறுப்பினர் என்றால் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர். பெயர் கோவைக்குப் போனால் ஊர் கிராம சபையில் நீங்கள் வெறும் பார்வையாளர்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பலவும் விடுமுறையோடு ஒட்டி வருபவை, ஊருக்குப் போகவும் வசதி. ஏழு நாள் முன்பே அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். குறைவெண் வரம்பும் உண்டு, அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும். 500 பேர் வரை மக்கள்தொகை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணிக்கை நிரம்புவதே பல ஊர்களில் சிரமம். 100 நாள் வேலைக்கு வந்தவர்களைக் கூட்டி உட்கார வைத்துக் கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது. இருபது இளைஞர்கள் ஒரே தீர்மானத்தை எழுதிக் கொண்டுபோய் உட்கார்ந்தால் அந்தக் கூட்டத்தின் போக்கே மாறும். தீர்மானத்தை வாயால் சொல்லாதீர்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் ஊராட்சிச் செயலரிடம் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகு அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள். காலியாக விட்ட பக்கத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

மானாமதுரைக்கும் கோவைக்கும் ஒரே இரவுப் பயணம்தான். இரண்டாம் ஆண்டு மாணவருக்கு நான் ஊரைத்தான் சொல்வேன்.

பாகம்எண்

கிராம சபை பற்றிச் சொன்னது சரியான புள்ளி, ஏற்கிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை. ஊரில் பெயரை வைத்துவிட்டு வெளியூரில் படிப்பவர்களைத்தான் திருத்தப் பணியில் ‘இடம்பெயர்ந்தவர்’ என்று எளிதாக நீக்கிவிடுகிறார்கள். 2025 நவம்பர் 4 தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலிலிருந்து ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் விடுபட்டன. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் அதில் அடக்கம் என்றாலும், கணக்கெடுப்பின்போது வீட்டில் இல்லாதவர்களும் அடக்கம். அதனால் வீட்டில் இருப்பவர்களிடம் ‘படிக்கப் போயிருக்கிறான், இங்கேதான் குடியிருப்பு’ என்று சொல்லச் சொல்லி வையுங்கள். ஆண்டுக்கு இரண்டு தடவை பட்டியலில் பெயரைத் தேடிப் பாருங்கள். அட்டை கையில் இருப்பதால் ஓட்டு இருப்பதாக அர்த்தமில்லை. பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு.

வழக்காடி

போராட்டம் பற்றி.

முதலில் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். காவல்துறை அகராதியில் ஆர்ப்பாட்டம், உண்ணாவிரதம், பேரணி, மறியல், முற்றுகை எல்லாம் வேறு வேறு. ஆர்ப்பாட்டம் என்றால் ஓரிடத்தில் நின்று முழக்கம் போட்டுக் கலைவது, அனுமதி கிடைக்கக்கூடியது. மறியல், முற்றுகை என்றாலே கைதுக்கு வண்டி தயாராக நிற்கும். மனுவில் ‘கவன ஈர்ப்பு ஆர்ப்பாட்டம்’ என்று எழுதிவிட்டு, வாட்ஸ்அப் அழைப்பில் ‘பஸ்ஸை மறிப்போம்’ என்று போட்டால், அந்தப் படத்தைக் காட்டியே அனுமதியை மறுப்பார்கள். கைபேசியில் போகும் எல்லா அழைப்பும் ஒரே வாசகமாக இருக்கட்டும்.

கோவை மாநகரம் என்பதால் மனு மாநகரக் காவல் ஆணையருக்கு, இடம் எந்த ஸ்டேஷன் எல்லையோ அந்த ஆய்வாளர் வழியாக. மாநகரம் இல்லாத ஊர்களில் டி.எஸ்.பி. அல்லது எஸ்.பி. சென்னையில் மாநகரக் காவல் சட்டம் 41-ஆம் பிரிவின்படி ஐந்து நாள் முன்பே கேட்க வேண்டும். நான் எங்கேயும் பத்து நாள் என்று சொல்வேன், காரணம் கீழே. மனுவில் தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், துல்லியமான இடம், எதிர்பார்க்கும் எண்ணிக்கை, கோரிக்கை, ஒலிபெருக்கி உண்டா இல்லையா, பொறுப்பாளர் மூன்று பேரின் பெயர், முகவரி, கைபேசி. எண்ணிக்கையைக் குறைத்து எழுதாதீர்கள். 60 என்று எழுதி 200 பேர் வந்தால் நிபந்தனை மீறல் என்று வழக்கு வரும். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் ஸ்டேஷன் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

இடம். கல்லூரி நிறுத்தத்திலேயே கேட்டால் போக்குவரத்து இடைஞ்சல் என்று மறுப்பது உறுதி. கோவையில் வழக்கமாக இடம் தருவது சிவானந்தா காலனி, தெற்கு வட்டாட்சியர் அலுவலகம் முன்பு போன்ற இடங்கள். சென்னை என்றால் வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம் விருந்தினர் மாளிகை அருகில், எழும்பூர் ராஜரத்தினம் மைதானம். மனுவிலேயே மாற்று இடம் ஒன்றையும் எழுதிவிடுங்கள். பின்னால் நீதிமன்றம் போனால் நீதிபதி கேட்கும் முதல் கேள்வி அதுதான். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்திலிருந்து 100 மீட்டர் அமைதி மண்டலம், அங்கே மைக் கிடையாது.

சுவரொட்டி ஒட்டாதீர்கள். 1959-ஆம் ஆண்டு திறந்தவெளி அழகு கெடுப்பைத் தடுக்கும் சட்டம் ஒன்று இருக்கிறது, ஆர்ப்பாட்டத்துக்கு முன்பே வழக்குப் போட அது போதும். பஸ் கண்ணாடியில் யாராவது ஒருவன் கல்லை விட்டால் 1992-ஆம் ஆண்டு பொதுச்சொத்துச் சேதச் சட்டம் வரும், அது ஜாமீனில் வர முடியாத பிரிவு. உங்கள் 60 பேரில் எட்டுப் பேரை முழக்கத்தில் சேர்க்காமல் விளிம்பில் நிறுத்துங்கள். அவர்கள் வேலை புதிதாக வந்து சேருபவர்களைப் பார்ப்பதும், சாலைக்குள் கூட்டம் வழியாமல் தடுப்பதும், முழுநேரமும் வீடியோ எடுப்பதும். பின்னாளில் நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றுவது அந்த வீடியோதான்.

இதற்கெல்லாம் முன்னால், வாய்மொழி வேண்டாம், எழுத்தில் கொடுங்கள். அரசுப் போக்குவரத்துக் கழகப் பொது மேலாளருக்கு வழித்தட எண், நிற்காமல் போன தேதி, நேரம், வண்டி எண் என்று பத்து நாள் பட்டியல். அதே மனு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க் கூட்டத்தில். அந்த இரண்டு ரசீதும் அனுமதி மனுவோடு இணைந்தால், கேட்டுப் பார்த்துத்தான் தெருவுக்கு வந்தோம் என்று காட்ட முடியும்.

மானாமதுரைக்காரன்

நன்றி அண்ணா. பதிலே சொல்லாமல் இழுத்தடித்து முந்தின நாள் ராத்திரி மறுத்தால்? வழக்கு, வேலை பற்றியும் சொல்லுங்கள்.

வழக்காடி

அதற்காகத்தான் பத்து நாள். நாலாவது நாள் வரை பதில் இல்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். கோவைக்குச் சென்னைதான், மதுரைக் கிளை இல்லை. பொது இடத்தில் கூடும் உரிமையை ஒழுங்குபடுத்தலாம், அதிகாரியின் இஷ்டத்துக்கு மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஹிம்மத் லால் ஷா வழக்கிலேயே, 1972-ல், சொல்லிவிட்டது. அதே நீதிமன்றம் 2020-ல் டெல்லி ஷாஹீன் பாக் போராட்ட வழக்கில் பொதுச் சாலையைக் காலவரையின்றி அடைத்து உட்கார முடியாது என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். முந்தின நாள் இரவு மறுத்தால் அந்தத் தேதியை விட்டுவிட்டு, மறுப்பை எழுத்தில் வாங்கி, புதுத் தேதி கேளுங்கள். அனுமதி இல்லாமல் 60 பேரை நிறுத்துவதைவிட ஒரு வாரம் தள்ளிப்போவது மேல்.

வழக்கு. தமிழ்நாட்டில் ஆர்ப்பாட்ட வழக்கு என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 143, 188, 341. இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 189(2) சட்டவிரோதக் கூட்டம், 223 அரசு ஊழியர் உத்தரவை மீறுதல், 126(2) வழிமறித்தல். இதில் 223-க்குப் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உத்தரவு போட்ட அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துப் புகார் தர வேண்டும். பழைய 188 பற்றி 2018-ல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதை வழிகாட்டுதலாகவே வகுத்தது. போலீஸ் சட்டம் 30(2)-இன் கீழ் தடை இருந்தது என்று சொன்னால், அந்தத் தடை மக்களுக்குத் தெரியும்படி அறிவிக்கப்பட்டதா என்றும் அதே தீர்ப்பு கேட்கிறது. ஃபைலுக்குள் கிடந்த தடை செல்லாது.

காலவரம்பும் உண்டு. ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு நீதிமன்றம் ஓராண்டுக்குள் விசாரணைக்கு எடுக்க வேண்டும். பல மாணவர் வழக்குகள் குற்றப்பத்திரிகை இல்லாமல் அதைத் தாண்டிக் கிடக்கும். அது எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்க நல்ல காரணம்.

இதைத் தயவுசெய்து எல்லோருக்கும் சொல்லுங்கள்: ‘ஃபைன் கட்டிட்டுப் போயிடுப்பா, முடிஞ்சுது’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது தண்டனை பெற்றதாகவே பதிவாகும். ஐந்நூறு ரூபாயில் வாழ்நாள் பதிவு ஏறும்.

போலீஸ் வேலைக்குப் படிக்கும் இருவருக்கு நேராகச் சொல்கிறேன். அந்தப் பணி விதிகள் மற்ற வேலைகளைவிடக் கடுமை. சரிபார்ப்பின்போது வழக்கில் பெயர் இருந்தாலே அந்தத் தேர்வில் வாய்ப்பு போகும். சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும் சம்பந்தப்பட்டவராகவே கொள்வார்கள். மனுவில் பொறுப்பாளராகக் கையெழுத்துப் போடுகிறவர்கள் பெயர்தான் எஃப்.ஐ.ஆரில் முதலில் ஏறும், எனவே அவர்கள் அந்த மூவரில் இருக்க வேண்டாம். மனு எழுதுவது, வண்டி எண் குறிப்பது, ஆட்சியர் கூட்டத்துக்குப் போவது எல்லாம் அவர்கள் தாராளமாகச் செய்யலாம். மற்ற அரசு வேலைகளில் வழக்கு தானாகத் தகுதியைப் பறிக்காது. ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுப்பார்கள். மறைத்தால்தான் கெடுகிறது.

பாஸ்போர்ட்டுக்கு எஃப்.ஐ.ஆர். மட்டும் இருப்பது நீதிமன்ற நிலுவை ஆகாது. குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் ஏற்ற பிறகுதான் ஆகும். அப்போதும் அந்த நீதிமன்றத்தில் அனுமதி வாங்கிப் போகலாம்.

செம்பருத்தி

மாணவிகளும் வருவார்கள் என்றால் ஒன்றைச் சேர்க்கிறேன். சூரியன் மறைந்த பின், உதயத்துக்கு முன் பெண்ணைக் கைது செய்ய முடியாது. விதிவிலக்கான நிலை என்றால் பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் முன்அனுமதி பெற்றுச் செய்ய வேண்டும். கல்யாண மண்டபத்தில் வைத்துச் சாயங்காலம் விடுவது பெரும்பாலும் முன்னெச்சரிக்கைக் கைது, அதற்கு 24 மணி நேரம்தான் வரம்பு. மண்டபத்தில் பெயர், முகவரி எழுதும் தாளில் என்ன தலைப்பு இருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெளியே இருக்கும் ஒருவரிடம் எல்லோருடைய வீட்டு எண்ணும் வக்கீல் எண்ணும் தாளில் இருக்கட்டும், கைபேசியை வாங்கி வைத்துவிட்டால் அது ஒன்றுதான் உதவும். எஃப்.ஐ.ஆர். போட்டார்களா என்று மறுநாளே காவல்துறை இணையதளத்தில் பாருங்கள், 24 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவு.

கடற்கரைக்காற்று

இவ்வளவு படிவம், மனு எல்லாம் எதற்கு? 2017 ஜனவரியில் மெரினாவில் யார் அனுமதி கேட்டார்கள்? ஓட்டுப் போட்டா வந்தது ஜல்லிக்கட்டு?

ஊராட்சித்திண்ணை

கூட்டம்தான் அசைத்தது, மறுக்கவில்லை. ஆனால் 21-ஆம் தேதி அவசரச் சட்டம், 23-ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா என்று இரண்டே நாளில் முடிந்தது, கை தூக்கச் சட்டமன்றம் இருந்ததால். அதே 23-ஆம் தேதி காலையில்தான் மெரினாவில் கலைப்பும் தடியடியும். அந்தப் போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வர 2021 ஆனது. நாலு வருடம் வழக்கோடு இருந்தவர்களில் போலீஸ் வேலைக்கு வயது தாண்டியவர்களும் இருப்பார்கள்.

இன்னும் பின்னால் போங்கள். 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்பில் தெருவுக்கு வந்த மாணவர்கள் 1967 தேர்தலில் கிராமம் கிராமமாக ஓட்டுக் கேட்டார்கள். விருதுநகரில் காமராஜர் தோற்றது அந்த மாணவர் தலைவர்களில் ஒருவரான பெ.சீனிவாசனிடம், 1,285 ஓட்டில். அப்போது வாக்களிக்கும் வயது 21, போராடிய பலருக்கே ஓட்டு கிடையாது. 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 18 ஆக்கியது 1989-ல். அவர்களிடம் இல்லாதது உங்களிடம் இருக்கிறது.

மானாமதுரைக்காரன்

ஊரிலேயே பெயர் சேர்க்கிறேன். வாக்குப்பதிவு அன்றைக்குக் கல்லூரி அடையாள அட்டை செல்லுமா?

பாகம்எண்

செல்லாது தம்பி. வாக்காளர் அட்டை இல்லை என்றால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் புத்தகம் போல ஆணையம் குறித்த ஆவணங்களில் ஒன்று. பூத் சிலிப் மட்டும் காட்டினாலும் விட மாட்டார்கள், 2019-லிருந்து அது அடையாளம் இல்லை. கைபேசியை வாக்குச்சாவடிக்குள் கொண்டுபோக முடியாது என்பதால் மூல ஆவணத்தையே எடுத்துப் போங்கள். முடியும் நேரத்துக்குள் வரிசையில் நின்றுவிட்டால், கடைசி ஆளிலிருந்து தொடங்கி டோக்கன் கொடுத்து எல்லோரையும் போட விடுவார்கள், கலைந்து போகாதீர்கள்.

உங்கள் பெயரில் யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டார்கள் என்றால் சத்தம் போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். தலைமை அலுவலரிடம் டெண்டர் ஓட்டு கேளுங்கள். அடையாளம் சரியென்றால் தாள் வாக்குச்சீட்டு தருவார், போட்டு உறையில் வைப்பார்கள். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது, வழக்கு வந்து நீதிமன்றம் கேட்டால்தான் வெளியே வரும். ஆனாலும் கள்ள ஓட்டு நடந்ததற்கு எழுத்துச் சாட்சி அது ஒன்றுதான். நோட்டாவும் அதிக ஓட்டு வாங்கினாலும் தேர்தலை நிறுத்தாது, வேட்பாளர்களில் முதலில் வந்தவர் வென்றவர். அதைத் தெரிந்துகொண்டு அழுத்துங்கள்.